நான்தாம்மா கூட்டிட்டு வந்தேன்!

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது நடந்திருக்கும். சாயங்காலம் நடந்து போகும்போது ஒரு கேட்டில் 'டு-லெட்' போர்டு தொங்குவதை நீங்களே பார்க்கிறீர்கள். பெல் அடிக்கிறீர்கள். வீட்டுக்கார அம்மாள் உட்காரச் சொல்லி, ஊர், உத்தியோகம், சைவமா என்றெல்லாம் விசாரித்து, வாடகையும் படிந்துவிடுகிறது. அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கு, நீங்கள் ஜென்மத்தில் பார்த்திராத ஓர் ஆசாமி டி.வி.எஸ். 50-ல் வந்து இறங்குகிறார்.

"இந்தப் பார்ட்டியை நான்தாம்மா கூட்டிட்டு வந்தேன். ஒரு மாச வாடகை கமிஷன்."

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்கிறீர்கள். அம்மாள் யோசிக்கிறார். போன வருஷம் மாடி போர்ஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது இவர்தான். நாளைக்கும் இவர் தயவு வேண்டியிருக்கும். "என்னமோ கேக்கறாரு, குடுத்துடலாம்" என்று கதை முடிகிறது.

இந்த ஆசாமியின் ஞாபகம் எனக்கு வந்தது, நெட்ஃபிளிக்ஸில் ஒரு ஜெர்மன் மோசடியைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தபோது. 2022-ல் வெளிவந்த 'ஸ்கேண்டல்! பிரிங்கிங் டவுன் வயர்கார்டு'. ரொம்ப விறுவிறுப்பான படம். என் புகாரே அந்த விறுவிறுப்பைப் பற்றித்தான். அதற்கு வருமுன், இன்டர்நெட் வியாபாரத்தில் நடுவே நிற்கிற இரண்டு பேரை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஒருவர், ஆள் கூட்டி வருகிறவர். அஃபிலியேட் என்பார்கள். இன்னொருவர், கார்டிலிருந்து பணம் வசூலித்துத் தருகிறவர். பேமென்ட் ப்ராசஸர். கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டு பேர் முகத்தையும் பார்த்திருக்க மாட்டார். முதலாமவர், 'இந்த மாதம் இத்தனை பேரைக் கூட்டி வந்தேன்' என்று ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்புவார். இரண்டாமவர், 'உங்கள் பணம் இவ்வளவு என்னிடம் இருக்கிறது' என்று ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்புவார். இரண்டு காகிதமும் நிஜமாக இருக்கிறவரைதான் வியாபாரம்.

முதலாமவரைப் பார்ப்போம். நீங்கள் ஒரு கேமராவைப் பற்றி எழுதுகிறீர்கள். பக்கத்திலேயே கடைக்கு ஒரு லிங்க் கொடுக்கிறீர்கள். படிப்பவர் அதைக் க்ளிக் செய்து கடைக்குப் போகும்போது, அவருடைய கம்ப்யூட்டரில் குக்கி என்ற சின்ன அடையாளச் சீட்டு உட்கார்ந்துகொள்கிறது. 'இவர் இன்னார் மூலம் வந்தவர்' என்று அதில் இருக்கும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அவர் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். வாங்காவிட்டால் கடைக்காரருக்குச் செலவே இல்லை. அழகான ஏற்பாடு. விளம்பரத்துக்கு முன்பணம் கட்ட முடியாத சின்ன வியாபாரிக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

இப்போது டி.வி.எஸ். 50 ஆசாமி வருகிறார். அமெரிக்காவின் ஈபே ஏலக் கம்பெனிக்கு 2000-களின் மத்தியில் ஆயிரக்கணக்கான அஃபிலியேட்கள் இருந்தார்கள். கமிஷன் ஜங்ஷன் என்ற இடைநிலைக் கம்பெனி கணக்குப் பார்த்துக் கொடுத்தது. அந்த அஃபிலியேட்களில் முதலிடம் ஷான் ஹோகன் என்பவருக்கு. அவருக்குக் கொடுத்த கமிஷன் மட்டும் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர் என்று ஈபே பின்னால் சொன்னது. அடுத்த இடத்தில் பிரையன் டன்னிங்.

இவர்கள் செய்தது இதுதான். மற்றவர்களுடைய வெப்சைட்டில் ஒட்டிக்கொள்ள இலவசமாக ஒரு சாமான் கொடுத்தார்கள். ஹோகன் கொடுத்தது, உங்கள் பக்கத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டும் ஒரு குட்டி மேப். பார்க்க அழகு. ஆனால் அது திறக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஈபேயைத் தொட்டுவிட்டு வந்துவிடும். பார்ப்பவர் எதையும் க்ளிக் செய்யவில்லை. ஈபே என்ற பெயரைக்கூடப் பார்க்கவில்லை. குக்கி மட்டும் உட்கார்ந்துவிட்டது. இதற்குக் 'குக்கி ஸ்டஃபிங்' என்று பெயர். நம் பாஷையில் குக்கித் திணிப்பு.

அதனால் என்ன லாபம் என்றால், ஈபே அவ்வளவு பெரிய கடை. தெருவில் போகிற பத்து அமெரிக்கர்களில் சிலர் எப்படியும் அங்கே போய் எதையாவது ஏலம் கேட்கத்தான் போகிறார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் அவர்களுக்குத் தெரியாமல் உங்கள் விசிட்டிங் கார்டைச் சொருகி வைத்துவிட்டால், அவர்கள் தானாகக் கடைக்குப் போகும்போதெல்லாம் உங்களுக்குக் காசு.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விவரம். ஈபேயின் தலைமை அலுவலகம் சான் ஹோசேயில். கமிஷன் ஜங்ஷன் இருந்தது சாண்டா பார்பராவில். இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கு மட்டும் குக்கி திணிக்காதபடி ப்ரோகிராம் எழுதப்பட்டிருந்தது என்று ஈபே தன் வழக்கில் சொன்னது. வீட்டுக்கார அம்மாள் வாசலில் நிற்கும்போது தரகர் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார், அந்த மாதிரி.

இன்னொரு விவரம். டன்னிங் 'ஸ்கெப்டாய்டு' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தார். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று உலகத்துக்குச் சொல்லித் தருகிற நிகழ்ச்சி. ஈபே கேட்டிருக்க வேண்டும்!

2008-ல் ஈபே வழக்குப் போட்டது. 2010-ல் கிரிமினல் குற்றச்சாட்டு. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2014-ல் ஹோகனுக்கு ஐந்து மாதமும் 25 ஆயிரம் டாலர் அபராதமும், டன்னிங்குக்குப் பதினைந்து மாதமும் கிடைத்தன.

சரி, இவ்வளவு பெரிய தொகை போகிறவரை ஏன் யாரும் கேட்கவில்லை? மேலே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஹோகன் சொன்னார். மாட்டிக்கொண்டவர் சொல்வது, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாமே கூட்டிப் பார்ப்போம். அஃபிலியேட் மூலம் விற்பனை ஏறினால் அந்தப் பிரிவு மேனேஜருக்கு நல்ல பேர். இம்மாதிரி இடைநிலைக் கம்பெனிகளுக்கு ஒவ்வொரு கமிஷனிலும் ஒரு பங்கு. தரகருக்குச் சொல்லவே வேண்டாம். கணக்கு பொய்யாக இருந்தால் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சந்தோஷம். சோதித்துப் பார்க்கிறவனுக்குத்தான் கெட்ட பேர்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? ஈபேக்கு மட்டுமில்லை. இந்த முறையில் பொதுவாகக் கடைசியாக ஒட்டின குக்கிக்குத்தான் கமிஷன். ராத்திரி கண்விழித்து பழைய கேமராக்களைப் பற்றி உருப்படியாக எழுதி, நிஜமாகவே ஓர் ஆளைக் கூட்டி வந்தவருடைய சீட்டின் மேல் திருட்டுச் சீட்டு ஒட்டப்பட்டுவிடும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இந்த மாதம் யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுவதை விட்டுவிடுவார்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருகிற 'ஹனி' என்ற சாதனத்தை பேபால் கம்பெனி 2020-ல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர், ஹனி கடைசி நிமிடத்தில், பில் போடுகிற இடத்தில், மற்றவர்களுடைய குக்கியை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது, கூப்பன் கிடைக்காதபோதும் வைக்கிறது என்று ஒரு வீடியோ போட்டார். பொருள்களைச் சிபாரிசு செய்து பிழைக்கும் பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசி க்ளிக்குக்குக் கமிஷன் என்பது தொழிலின் வழக்கம், அதைத்தான் பின்பற்றுகிறோம் என்பது பேபாலின் பதில். 2025 மார்ச்சில் கூகுள், பயனருக்கு நேரடியான பலன் தராமல் இப்படி லிங்க் சேர்க்கக் கூடாது என்று தன் க்ரோம் விதிகளை மாற்றியது. இது சட்டப்படி குற்றமா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். 'வழக்கம் இதுதான்' என்ற பதிலை மட்டும் கவனியுங்கள். டி.வி.எஸ். 50 ஆசாமியும் அதையேதான் சொல்வார்.

இப்போது இரண்டாமவர். பணம் வாங்கித் தருகிறவர்.

நீங்கள் கார்டைத் தேய்த்ததும் கடைக்காரர் கையில் பணம் வந்துவிடாது. நடுவில் ப்ராசஸரிடம் தங்கும். வாடிக்கையாளர் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று ஒரு பகுதியை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருப்பதும் உண்டு. ஆக, ப்ராசஸரிடம் எப்போதும் ஊரார் பணம் இருக்கும். சூதாட்டம், ஆபாசம் போன்ற சமாசாரங்களுக்கு மரியாதைப்பட்ட பேங்க்குகள் வராது. அங்கே துணிந்து போகும் ப்ராசஸருக்கு அதிகக் கமிஷன். 1999-ல் மியூனிக் அருகே ஆரம்பித்த வயர்கார்டு அப்படித்தான் வளர்ந்தது. 2018 செப்டம்பரில் ஜெர்மனியின் தலைசிறந்த 30 கம்பெனிகளின் பட்டியலில், பழம்பெரும் காமர்ஸ்பேங்கைக் கீழே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தது. ஜெர்மனிக்கும் ஒரு சிலிகான் வேலி ராஜா கிடைத்துவிட்டார் என்று ஏக சந்தோஷம்.

அதன் வருமானத்தில் ஏறக்குறைய பாதியும், லாபத்தில் பெரும்பகுதியும் எங்கிருந்து வந்தன? தனக்கு லைசென்ஸ் இல்லாத நாடுகளில் துபாய், சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் கூட்டாளிகள் மூன்று பேர் தனக்காக வசூல் வேலை செய்கிறார்கள், அதற்கான கமிஷன் ஒரு டிரஸ்டியின் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்றது வயர்கார்டு. மறுபடியும் அதே வசனம்தான். 'நான்தாம்மா கூட்டிட்டு வந்தேன்.' ஈபே விஷயத்திலாவது வாடிக்கையாளர் நிஜம், கூட்டி வந்தது மட்டும் பொய். இங்கே வாடிக்கையாளரே இல்லை.

லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையின் டான் மக்ரம் 2014-லேயே மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார். பத்திரிகையின் நிருபர் பிலிப்பைன்ஸில் ஒரு கூட்டாளிக் கம்பெனியின் விலாசத்தைத் தேடிப் போனால், அங்கே ஓய்வுபெற்ற ஒரு கப்பல் ஊழியர் குடும்பத்தோடு வசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மன் அரசின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் என்ன செய்தது தெரியுமா? 2019-ல், வயர்கார்டு பங்கு விழும் என்று பந்தயம் கட்டுவதற்கு இரண்டு மாதம் தடை போட்டது. பிறகு மக்ரம் மேலேயே கிரிமினல் புகார் கொடுத்தது! திருடனைக் காட்டியவன் மேல் கேஸ்.

2020 ஜூனில் ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். டிரஸ்டி கணக்கில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ எங்கே என்று கேட்டபோது, அந்தப் பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட இரண்டு பிலிப்பைன்ஸ் பேங்க்குகளும், காட்டப்பட்ட காகிதங்கள் போலி என்றன. அந்தப் பணம் நாட்டுக்குள் வரவே இல்லை என்றது பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி. ஒரு வாரத்தில் கம்பெனி திவால். தலைவர் மார்க்குஸ் பிரவுன் கைது. அவர் மீதான வழக்கு 2022 டிசம்பரில் தொடங்கியது. தானும் ஏமாற்றப்பட்டவன் என்று வாதாடினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த யான் மார்சலெக், வியன்னா பக்கத்தில் ஒரு சின்ன ஏர்போர்ட்டில் தனி விமானம் ஏறி மறைந்தார். 2025-ல் லண்டன் கோர்ட் ரஷ்யாவுக்காக வேவு பார்த்த ஒரு கூட்டத்தைத் தண்டித்தது. அவர்களை இயக்கியவர் இவர்தான் என்றது அரசுத் தரப்பு.

இப்போது என் புகார். இப்படி ஓர் ஆசாமி கிடைத்துவிட்டால் எந்த டைரக்டர்தான் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவார்? நெட்ஃபிளிக்ஸ் படத்தில் துரத்தலும் நிழலும் உளவும் நிறைய. முடிந்து எழுந்திருக்கும்போது, 'அடேயப்பா, என்ன கில்லாடி!' என்ற வியப்புதான் மிஞ்சுகிறது. உண்மையில் இதில் கில்லாடித்தனம் குறைவு. போலி பேங்க் லெட்டர். அவ்வளவுதான். டிரஸ்டி தந்த காகிதத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், பணம் இருப்பதாகச் சொன்ன சிங்கப்பூர் பேங்க்கையே ஆடிட்டர்கள் நேரடியாகக் கேட்டிருந்தால் வருஷக்கணக்குக்கு முன்பே சாயம் வெளுத்திருக்கும். மூன்று வருஷத்துக்கும் மேல் அப்படிக் கேட்கவில்லை என்று பைனான்ஷியல் டைம்ஸ் பின்னர் எழுதியது.

மக்ரம் எழுதிய 'மணி மென்' புத்தகம், 2022-ல் வந்தது, இந்த விஷயத்தில் படத்தைவிட எவ்வளவோ மேல். சலிப்பூட்டும் ஆண்டறிக்கைகளை உட்கார்ந்து படித்து, இந்தக் கூட்டல் ஏன் சரியாக வரவில்லை என்று கேட்பதுதான் துப்பறியும் வேலை என்று அது புரியவைக்கிறது. ஆனாலும் அது பத்திரிகைக்காரர்களுக்கும் வில்லன்களுக்கும் நடந்த யுத்தம். மூன்றாவது ஒரு கூட்டத்தை நான் இரண்டிலும் தேடினேன். 2020 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் வயர்கார்டின் அந்நாட்டுக் கிளையை நிறுத்தி வைத்தபோது, அதன் மேல் ஓடிக்கொண்டிருந்த ப்ரீபெய்டு கார்டுகள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போயின. அவற்றை வைத்திருந்தவர்களில் பலர் பேங்க் கணக்கு கிடைக்காத ஏழைகள். சம்பளம் உள்ளே, கார்டு வேலை செய்யாது, கையில் காசு இல்லை. சில நாளில் சரியாகிவிட்டது என்னவோ உண்மை. மாதக் கடைசியில் சில நாள் என்பது எவ்வளவு நீளம் என்று மாதச் சம்பளக்காரர்களுக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் வயர்கார்டு என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்த மோசடியின் நிஜமான சோகம் அதுதான், துரத்தல் அல்ல.

நமக்கென்ன, ஜெர்மன்காரன் பாடு என்று இருக்க முடியாது. சென்னையைச் சேர்ந்த ஹெர்மிஸ் ஐ-டிக்கெட்ஸ், மூலைக்கடைகள் மூலம் டிக்கெட்டும் பணப் பரிமாற்றமும் செய்துவந்த கம்பெனி. அதையும் அதைச் சேர்ந்தவற்றையும் 34 கோடி யூரோ வரை கொடுத்து வாங்குவதாக 2015-ல் வயர்கார்டு அறிவித்தது. விற்றது மொரீஷியஸில் பதிவான ஒரு ஃபண்டு. அந்த ஃபண்டு சற்று முன்னால்தான் அதை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தது. ஃபண்டுக்குப் பின்னால் யார் என்ற கேள்வி வருஷக்கணக்கில் சுற்றியது. நம் தெருமுனை ரீசார்ஜ் கடையின் பெயர் மியூனிக்கில் ஒரு பிரம்மாண்டமான கணக்கில் எப்படியெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்.

புடவையோ ஊறுகாயோ ஆன்லைனில் விற்கிற வாசகர்கள், 'அதெல்லாம் சரி, நாங்க என்ன செய்யணும்?' என்று கேட்பது காதில் விழுகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கமிஷனை விற்ற அன்றே கொடுக்காதீர்கள். சரக்கைத் திருப்பித் தருகிற கெடு முடிந்த பிறகு கொடுங்கள். போலி ஆர்டர்கள் அதற்குள் தானாக உதிர்ந்துவிடும். அதிகமாகக் கூட்டி வருகிற ஆளை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். விற்பனை குறைகிறதா? குறையாவிட்டால் அவர் யாரையும் கூட்டி வரவில்லை. இந்தப் பாடத்தைப் பின்னால் அதே ஈபேதான் நடத்திக் காட்டியது. தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த தேடல் விளம்பரத்தை 2012-ல் அதன் ஆராய்ச்சியாளர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் விளம்பரம் இல்லாமலேயே வந்துவிட்டார்கள்!

ப்ராசஸரிடம் பணத்தைத் தங்கவிடாதீர்கள். 'அங்கேயே இருக்கட்டும், மாசக் கடைசியில எடுத்துக்கலாம்' என்கிற பணம் உங்கள் பணம் அல்ல. ஒருவருக்கு இரண்டு பேராக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளில் வரும், எவ்வளவு பிடித்து வைப்பார்கள் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் பேங்க் 2020 மார்ச்சில், வியாபாரிகளுக்காக வசூலிக்கிற பணத்தை இம்மாதிரி கம்பெனிகள் தங்கள் பணத்தோடு கலக்காமல் பேங்க்கில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று விதி போட்டது. நல்ல விதி. ஆனால் எந்த விதியும் யாராவது பேங்க்கைக் கேட்டால்தான் வேலை செய்யும். ஜெர்மனியில் விதிக்கா பஞ்சம்?

கணக்கைக் கொண்டுவருகிறவரையே அந்தக் கணக்கு சரியா என்று கேட்டால் என்ன பதில் வரும்? இன்னொரு ஆளைக் கேட்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமிக்கு இது எந்த ஆடிட்டரையும்விட நன்றாகத் தெரியும். அவர் வீட்டுக்கும் ஒரு தரகர் வந்து, "இந்தப் பையனை நான்தாம்மா கூட்டிட்டு வந்தேன்" என்றார். மாமி சண்டை போடவில்லை. "அப்படியா, ரொம்ப சந்தோஷம். பையன் பேர் என்ன, சொல்லுங்கோ?" என்றார்.

தரகர் பையனைப் பார்த்தார். பையன் கூரையைப் பார்த்தான். டி.வி.எஸ். 50 தெரு திரும்புகிற சத்தம் கேட்டது.